சங்கரன்கோவிலில் சொட்டிய குழாய்

என் அக்கா ராஜத்துக்கு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தோல் செதில் செதிலாக உதிரும். பத்து வருடமாக இப்படித்தான். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். கை இந்த நிலைக்கு வந்ததும் நோயாளிகளைத் தொட விடாமல் ஃபைல் அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர்களே சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

எங்கள் அம்மா பினாங்கில் சாகும்போது, சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்ணை ஒரு தடவையாவது பூசிப் பார் என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா இந்தியாவையே பார்த்ததில்லை. நாங்களும் பார்த்ததில்லை. எனக்குச் சாமி மேலும் நம்பிக்கை கிடையாது, மண் மேலும் கிடையாது. நான் பஸ் டிப்போ மெக்கானிக். கழற்றிப் பார்க்க முடிவதைத்தான் நம்புவேன். அக்கா போகலாம் என்றாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். லாட்ஜில் தங்க மாட்டாள், குளத்தில் இறங்க மாட்டாள், தன் கை ஒருத்தர் கண்ணில் படுகிற மாதிரி எங்கேயும் குளிக்க மாட்டாள்.

அதற்காகத்தான் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கினேன். வீட்டு வண்டி. படுக்கை, அடுப்பு, ஒரு தண்ணீர் டாங்கு, பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்பு, அலமாரி அளவுக்கு ஒரு குளியலறை. அதற்குள் நிற்கலாம், குந்த முடியாது. வாளியை வைத்தால் காலை வைக்க இடமில்லை. தலைக்கு மேலே ஷவர். அந்த ஷவர்தான் அக்காவுக்கு எல்லாம். குளிர்ந்த தண்ணீர் மழைபோல் விழுந்தால் எரிச்சல் அடங்கும். கையால் தேய்க்க வேண்டியதில்லை.

வந்த வழியை எழுதப் போவதில்லை. ஓடிய நேரத்தைவிட எல்லைகளில் நின்ற நேரம் அதிகம். அதை நினைத்தால் மறுபடியும் கோபம் வரும். எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் ஒரு காலையில் சங்கரன்கோவில் வந்து சேர்ந்தோம். பத்து நாள் தங்குவதாக ஏற்பாடு.

வண்டியை நிறுத்த இடம் கொடுத்தவர் மாடசாமி. கிணற்று மோட்டார் மெக்கானிக். ராஜபாளையம் ரோட்டில் அவர் பட்டறைக்குப் பின்னால் ஒரு காலி மனை, நடுவில் ஒரு வேப்பமரம், மூன்று பக்கமும் விசைத்தறி ஷெட்டுகள். தறிச் சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். முதல் ஒரு மணி நேரம் தலை வெடித்தது. பிறகு திடீரென்று எல்லாம் ஒரே நொடியில் நின்றது. கரண்ட் போய்விட்டது என்றார்கள். இந்த ஊரில் கரண்ட் போனதைக் கண் பார்ப்பதற்குமுன் காது சொல்லிவிடும். தறிக்காரர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, இதில் கக்கூஸ் எங்கே போகும் என்று கேட்டார். பதில் சொன்னேன். அவர் முகம் சுளித்துக்கொண்டு போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்று மாலை கோவிலுக்குப் போனோம். ஒரே சிலையில் பாதி சிவன், பாதி விஷ்ணு. எனக்கு அதைவிட வெளியே விற்ற வெள்ளித் தகடுகள்தான் ஆச்சரியம். பாம்பு, தேள், கண், கை, கால் என்று உறுப்பு உறுப்பாகத் தட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஞாபகம் வந்தது. எது கெட்டதோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டுமாம். பக்கத்திலேயே உப்பும் மிளகும் பொட்டலம். புற்றுமண் எடுக்கும் இடத்தில் கூட்டம். ஓர் ஆள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முதுகுக்கு எட்டவில்லை என்று முன்பின் தெரியாத இன்னொருவரிடம் மண்ணைக் கொடுத்துப் பூசச் சொன்னார். அவரும் பூசிவிட்டார். அக்கா முழுக்கை ரவிக்கை போட்டு அதற்குமேல் சால்வையும் போர்த்தியிருந்தாள். மாசி வெயிலில் சால்வை. இரண்டு விரலை மட்டும் வெளியே நீட்டி மண்ணை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். வண்டியில் போய்ப் பூசிக்கிறேன் என்றாள்.

திரும்பியதும் பட்டறைக் குழாயிலிருந்து ரப்பர் ஓஸ் போட்டு டாங்கை நானே நிரப்பினேன். வண்டிக்கு வெளியே இருக்கிற நிரப்பு வாயின் மூடியைத் திருகு என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஷவர் சத்தம் கேட்டது, நின்றது. அக்கா தலையில் துண்டும் கழுத்தில் சோப்பு நுரையுமாக எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, தண்ணி நூல் மாதிரி வருது."

போய்ப் பார்த்தேன். திறந்ததும் இரண்டு மூச்சு நேரம் நன்றாக அடித்தது. அப்புறம் இளைத்து இளைத்துச் சொட்டாயிற்று. அந்தச் சொட்டில் சோப்பைக் கழுவ அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பாதியைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் தோல் வெடித்தது.

முதலில் பேட்டரி. மீட்டர் வைத்தேன், குறையில்லை. பம்பைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் நேராக விட்டு ஓட்டினேன். வேப்பமரத்தின் கிளைவரை பீச்சியது. அப்படியானால் பம்பு நல்ல பம்பு. ஷவர் தலையின் துளைகளில் உப்பு படிந்திருக்குமோ என்று பார்த்தேன். லண்டனில் வினிகரில் ஊறப் போடுவோம். இங்கே பட்டறைக்கு எதிர் வீட்டில் புளி வாங்கிக் கரைத்து அதில் ஊறப் போட்டேன். பளபளவென்று ஆனது. மாட்டினேன். இரண்டு மூச்சு நேரம் அடித்தது, இளைத்தது, சொட்டியது.

அதற்குள் கரண்ட் போய்த் தறிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான்:

"ஏலே, லண்டன் பைப்பும் நம்ம தெருக்குழா மாதிரிதாம்ல வருது."

சிரித்தார்கள். எனக்கு ஸ்பேனரை எறியலாம் போல இருந்தது.

மாடசாமி சிரிக்கவில்லை. பம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீப்பெட்டிக்குள் மோட்டாரை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்:

"அண்ணாச்சி, தண்ணி மொதல்லேருந்தே கொறவா வருதா, நல்லா வந்துட்டுப் பொறவு கொறையுதா?"

பிறகுதான் குறைகிறது என்றேன்.

"அப்போ ஃபுட் வால்வத்தான் பாக்கணும்."

ஃபுட் வால்வு என்பது கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் வாய். இலையோ துணியோ அதில் ஒட்டினால் மோட்டார் இறைக்காது. இது கிணறு இல்லை, மூடிய டாங்கு, இதில் இலை விழ வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்றேன். முப்பது வருடமாக என்ஜின் பார்ப்பவன் நான் என்றும் சொன்னேன். அவர் சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். டாங்கு பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் மேல்மூடியைத் திறக்க சீட்டு, பலகை, பதினெட்டுத் திருகு எல்லாம் கழற்ற வேண்டும். அந்தச் சோம்பலும் ஒரு காரணம். ஒத்துக்கொள்கிறேன்.

மத்தியானம் பஜாரில் ஒரு கடையில் மட்டன் பிரியாணி. சின்ன அரிசி, இலையில் கொட்டினார்கள். உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்குமுன் அடுத்தவர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். மரியாதை என்று ஒன்று கிடையாது. ஆனால் பத்து வருடத்தில் அப்படி ஒரு பிரியாணி நான் சாப்பிட்டதில்லை. அக்காவுக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன். ஸ்பூனால் சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு டீ போட்டாள். டீயில் மண் வாசனை அடித்தது. இந்த ஊர்த் தண்ணீரின் லட்சணம் இதுதான் என்று திட்டினேன். அக்கா தன் டம்ளரோடு படுக்கைத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

மூன்றாம் நாள், உறிஞ்சு ஓஸில் காற்று நுழைகிறது என்று முடிவு கட்டினேன். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஓஸ் கிடைத்தால் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடலாம். சங்கரன்கோவிலில் இல்லை. கடையநல்லூரில் காசிம் என்பவரிடம் இருக்கும், குவைத்தில் குழாய் வேலை பார்க்கிறவர், லீவில் வந்திருக்கிறார் என்று மாடசாமி பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் ஒரு காலில் நின்றேன். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. டிரைவர் அதற்கென்றே வைத்திருந்த டின்னை எடுத்து ஜன்னலோரம் நின்றவனிடம் கொடுத்தார். அது நான்தான். எதிரில் வயல் கிணறு, மொண்டு வாங்க என்றார். லண்டனில் ஒரு பயணியிடம் டின்னைக் கொடுத்தால் யூனியன் வரைக்கும் போகும். நான் போய் மொண்டுகொண்டு வந்தேன். ஊற்றும்போது ஓஸ் கிளிப் தளர்ந்திருப்பதைப் பார்த்து முடுக்கியும் விட்டேன். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, நம்ம ஆளா, உக்காருங்க என்று தன் பக்கத்தில் என்ஜின் மூடி மேல் இடம் கொடுத்தார். அந்த இடம் இருக்கும் சூட்டுக்கு நின்றுகொண்டே வந்திருக்கலாம்.

காசிம் வீட்டில் ஓஸ் கேட்டு வந்தவர்களுக்கு முதலில் இடியாப்பமும் சால்னாவும் வந்தது. சாப்பிடாமல் சாமானைக் காட்ட மாட்டார் போலிருந்தது. குவைத் பாலைவனத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் இப்படி வண்டியோடு வந்து தங்குவதைப் பார்த்திருக்கிறாராம். அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். தண்ணீர் வராவிட்டால் எங்களைக் கூப்பிடுவார்கள் என்றார். ஒரு கெஜம் ஓஸ் வெட்டிக் கொடுத்தார். அது லேசான சாதி, தண்ணீர் இறைக்க ஆகாது, பார்க்க ஆகும் என்று எச்சரித்தார்.

சாயங்காலம் பழைய ஓஸை எடுத்துவிட்டு டாங்குக்கும் பம்புக்கும் நடுவே அதை மாட்டினேன். மாடசாமி குனிந்து பார்த்தார், நான் குனிந்து பார்த்தேன். அக்கா ஷவரைத் திறந்தாள். தண்ணீர் ஓடியது. ஒரு குமிழிகூட இல்லை. காற்று நுழையவில்லை. பிறகு எங்கள் கண்முன்னாலேயே அந்த மெல்லிய ஓஸ் இரண்டு பக்கமும் ஒட்டிப் பட்டையாகிப் போனது. ஷவர் சொட்டியது. பம்பை நிறுத்தினேன். ஓஸ் மெதுவாக உருண்டைக்குத் திரும்பியது.

"வயிறு ஒட்டுது பாத்தியளா. இவன் இழுக்கான், அவன் விடமாட்டேங்கான். அடப்பு டாங்குக்குள்ளதான் இருக்கு, அண்ணாச்சி."

முந்தின நாளே இந்த ஆள் சொன்னதுதான். சரி, சீட்டைக் கழற்றுகிறேன் என்றேன்.

"டாங்கைத் திறக்காதே," என்றாள் அக்கா.

ஏன் என்று கேட்டேன். தூசி விழும், குடிக்கிற தண்ணீர் கெட்டுப்போகும் என்றாள். பிறகு ஊருக்கே திரும்பிவிடலாம் என்றாள். இரண்டு நாளாக அவள் சரியாகக் குளிக்கவில்லை. சால்வைக்கு உள்ளே இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. மறைத்தாலும் எனக்குத் தெரியும். ஆறு மாதம் வேலையை விட்டுவிட்டு, பாதி உலகத்தைத் தாண்டி இவளுக்காக ஒரு குளியலறையை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றாம் நாள் திரும்பிவிடலாம் என்கிறாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்ததால் ஊருக்குக் கேட்கவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் சீட்டைக் கழற்றினேன். அக்கா படுக்கைத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பதினெட்டாவது திருகையும் எடுத்து மூடியைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி கலங்கியிருந்தது. மாடசாமி தோள்வரை கையை விட்டுத் துழாவி, உறிஞ்சு வாயிலிருந்து எதையோ பிய்த்து எடுத்தார். உள்ளங்கை அளவு வெள்ளைத் துணிப்பை. வாயைத் தையல் போட்டு மூடியிருந்தது. உள்ளே சேறு. பம்பு ஓடினால் பை போய் வாயில் அப்பிக்கொள்ளும். நின்றால் விலகும். இரண்டு மூச்சுத் தண்ணீரின் ரகசியம் அவ்வளவுதான்.

மாடசாமி பையை அமுக்கி மோந்து பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாராச்சும் சின்னப் பிள்ளைக வெளையாட்டுக்குப் போட்டிருக்கும், அண்ணாச்சி. விடுங்க."

நல்ல மனிதர். ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. தையல் ஒரே அளவில், வரிசையாக இருந்தது. நர்ஸ் போட்ட தையல். இரண்டு நாளாக டீயில் நான் குடித்தது என்ன என்றும் அப்போது புரிந்தது.

"நீயா போட்டே?" என்று கேட்டேன்.

திரை அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"தினமும் கோவிலுக்குப் போய்ப் பூசணும்னா கையைத் திறக்கணும். எல்லாரும் பார்ப்பாங்க. மண்ணு தண்ணியிலேயே இருந்தா நான் பாட்டுக்குக் குளிச்சுக்குவேன்னு நினைச்சேன். கரைஞ்சு போயிடும்னு நினைச்சேன்."

"என்கிட்டே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ சிரிப்பே."

சிரித்திருப்பேன். மாடசாமி கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன். மாடசாமிதான் பேசினார். திரையைப் பார்த்து, கிணற்று மேட்டில் நின்று பேசுகிற மாதிரி சத்தமாகப் பேசினார்.

"அக்கா, இந்த ஊருக்கு வாறவுகளே கையக் காலக் காட்டத்தான் வாறாக. உங்க கைய இங்கன யாரு பாக்கப் போறா? அவனவன் தன் சொறியப் பாக்கவே நேரம் பத்தல."

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்பு. அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குக் கணக்கு இல்லை.

டாங்கு, ஓஸ் எல்லாம் கழுவிக் காய வேண்டும், ஒரு நாள் ஆகும். அதுவரை அக்கா எங்கே குளிப்பது? மறுநாள் காலை பக்கத்து ஊர் பனவடலிசத்திரத்தில் ஒரு மோட்டார் வேலை இருக்கிறது, தன் பெண்டாட்டி செண்பகமும் வருகிறாள், அவளுடைய அண்ணன் தோட்டம்தான், அக்காவும் வரட்டும் என்றார் மாடசாமி. அக்கா வர மாட்டாள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் வண்டியையே அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். சுற்றிலும் மிளகாயும் பருத்தியும். மாடசாமி மோட்டாரை முடித்துவிட்டுக் கரண்டுக்காகக் காத்திருந்தார். வந்ததும் சுவிட்சைத் தட்டினார். என் தொடை பருமனில் தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்கவில்லை. முப்பது வருடமாகக் குழாய், பம்பு, அழுத்தம் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். அழுத்தம் என்றால் அதுதான். ஆண்கள் எல்லாம் அங்கிருந்து போகும்படி செண்பகம் கையைக் காட்டினாள். மிளகாய் பறிக்க வந்த நாலைந்து பெண்கள் ஏற்கெனவே தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் வண்டிக்குள் போய் வேலையைப் பார்த்தேன். செண்பகத்தின் குரல் மட்டும் தண்ணீரைத் தாண்டிக் கேட்டது. "ஏட்டி, தள்ளி நில்லுங்க. அக்கா கையில நேரா விழாம முதுகுல விழட்டும்." அவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டார்கள் என்பது அதில் தெரிந்தது. பார்த்துவிட்டு எந்தப் பக்கம் நிறுத்தினால் வலிக்காது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாடசாமி ஒரு சின்னப் பித்தளைச் சல்லடை கொடுத்திருந்தார். பழைய ஃபுட் வால்விலிருந்து எடுத்தது. டாங்கின் உறிஞ்சு வாயில் அதைக் கூண்டு மாதிரி கவிழ்த்துக் கம்பி போட்டு இறுக்கினேன். சுத்தமான தண்ணீர் நிரப்பினேன். ஷவரைத் திறந்தேன். இரண்டு மூச்சு, நான்கு மூச்சு, பத்து மூச்சு. இளைக்கவில்லை. நிறுத்தினேன்.

அந்தப் பை சின்க் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எறிய ஒரு வினாடி போதும். எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பிறகு டாங்குக்குள் போட்டேன். பம்பை ஓட்டினேன். பை போய்க் கூண்டின் ஒரு பக்கத்தில் ஒட்டியது. மற்றப் பக்கங்கள் வழியாகத் தண்ணீர் தாராளமாக வந்தது. மூடியை வைத்துப் பதினெட்டுத் திருகையும் முடுக்கினேன்.

அக்கா ஈரத் தலையோடு வந்தாள். சால்வை தோளில் கிடந்தது, போர்த்தவில்லை. ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தாள்.

"குழாய் சரியாப் போச்சா?"

"போச்சு."

"மண்ணு?"

"உள்ளேதான் இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மீதி ஐந்து நாளும் கோவிலுக்குப் போனாள், சால்வை இல்லாமல். மண் பூசிக் குணமாயிற்றா என்று கேட்பீர்கள். ஆகவில்லை. கை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. சட்டைக் கையை மட்டும் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

லண்டன் போய்ச் சேரும்வரை எங்கள் டீயில் மண் வாசனை அடித்தது. நான் திட்டாமல் குடித்தேன்.